யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட ஃபுட்போல் ரீமை சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போறது எப்பிடி: முழு வழிகாட்டி

முதல்ல ரிக்கெட் விலை பாக்காதேங்கோ. எங்கட ஆக்கள் வெளிநாட்டு ரூர் எண்டு கதை தொடங்கின உடன போனை எடுத்து கட்டுநாயக்காவில இருந்து எவ்வளவு எண்டுதான் தேடுவினம், பிறகு ஹொட்டேல், பிறகு யூனிவர்சல் ஸ்டூடியோ, கடைசியாத்தான் "அப்ப மச் ஆரோட?" எண்டு ஒருத்தர் கேப்பார். அந்த நேரம் ரிக்கெட் போட்டாச்சு, திகதி மாத்த ஏலாது, அங்க ஒரு ரீமும் ஃப்ரீயா இல்லை. கடைசியில அது ஜேர்சி போட்டுக்கொண்டு போற சுற்றுலாவா முடிஞ்சிடும். அதால இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒழுங்கிலதான் போகும்: எதிர் ரீம் முதல், திகதி இரண்டாவது, கடதாசி மூண்டாவது, காசு நாலாவது, மிச்சம் எல்லாம் அதுக்குப் பிறகு.

ஏன் சிங்கப்பூர் எண்டு கேட்டா, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு குறுகிய கால பயணத்துக்கு விசா தேவையில்லை, அது ஒண்டே பெரிய காரணம். இருபது பிள்ளையளுக்கு விசா போட்டு அதில இரண்டு பேருக்கு மட்டும் வராமல் விட்டா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. மலேசியா மலிவுதான், ஆனா எங்களுக்கு ஈவிசா வேணும். சென்னை இன்னும் மலிவு, பலாலியில இருந்தே ஃப்ளைட் இருக்கு, 2019 ஒக்ரோபரில சர்வதேச விமான நிலையமாத் திறந்தது, இடையில நிண்டு 2022 டிசம்பரில திரும்பத் தொடங்கினது, 2024 செப்டம்பரில இருந்து இன்டிகோவும் ஓடுது, ஆனா இந்தியாவுக்கும் விசா எடுக்கவேணும். பட்ஜெட் சரியான சின்னன் எண்டா சென்னையைப் பாருங்கோ, கீழ சொல்லுறதில முக்கால்வாசி அதுக்கும் பொருந்தும்.

படி 1: ஆரோட விளையாடப் போறியள்?

ஆறு மாசத்துக்கு முந்தியே தொடங்குங்கோ. சிங்கப்பூர் அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒண்டோட விளையாடவேணும் எண்டா அவையும் தங்கட பக்கத்தில அனுமதி எடுக்கவேணும், அது ஒரு கிழமை வேலை இல்லை. சர்வதேசப் பாடசாலையளும் பிரைவேட் ஃபுட்போல் அக்கடமியளும் கொஞ்சம் கெதியாப் பதில் போடுவினம். மூண்டாவது வழி எங்கட ஆக்கள். சிங்கப்பூரில இலங்கைத் தமிழர் சங்கம் இருக்கு, பலஸ்டியர் றோட்டில சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப் இருக்கு, ஆராவது ஒரு பழைய மாணவர் கட்டாயம் அங்க வேலை செய்வார். கிரவுண்ட் புக் பண்ணுறதுக்கும் உள்ளூரில ஒரு ஆள் இருந்தா பெரிய உதவி, பொது மைதானங்களை அந்த நாட்டு ஆக்கள்தான் தங்கட எக்கவுண்டால புக் பண்ணுவினம்.

மெயில் போடேக்க "நாங்கள் வாறம், விளையாட விருப்பமோ" எண்டு மட்டும் போட்டா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டினம். என்ன வயசுப் பிரிவு, எத்தினை பேர், எந்த லெவல் (மாகாண மட்டமோ, அகில இலங்கையோ, சும்மா வலய மட்டமோ), எந்தெந்தத் திகதி ஏலும், 11 பேர் மச்சோ 7 பேர் மச்சோ, இதெல்லாம் முதல் மெயிலிலயே இருக்கவேணும். லெவலைப் பற்றிப் பொய் சொல்லாதேங்கோ. பெரிசாச் சொல்லிப்போட்டு எட்டுக் கோல் வாங்கினா பெடியளுக்கு மிச்ச நாளெல்லாம் மூஞ்சை தொங்கிக்கொண்டுதான் இருக்கும். ஒரு மச் எங்களை விடப் பலமான ரீமோட, ஒரு மச் சமனான ரீமோட, மூண்டாவது கொஞ்சம் லேசான ரீமோட எண்டு பிடிச்சா நல்லம், எல்லாப் பெடியனையும் ஒருக்காவது கிரவுண்டில இறக்கலாம்.

ஏழு நாள் பயணத்தில மூண்டு மச் போதும். அடுத்தடுத்த நாளில வைக்காதேங்கோ, இறங்கின நாளிலயும் வைக்காதேங்கோ. அவை திகதி உறுதிப்படுத்தி ஒரு அழைப்புக் கடிதம், பள்ளிக்கூடத்தின்ரயோ கிளப்பின்ரயோ கடிதத்தலைப்பில, கையெழுத்தோட அனுப்பவேணும். இந்தக் கடிதம் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதேங்கோ, ஏனெண்டா அடுத்த படியில எல்லாரும் முதல் கேக்கிறது இதைத்தான்.

படி 2: எந்த மாசம்

சின்ன விசயம் மாதிரித் தெரியும், ஆனா கனக்க ரூர் இதிலதான் குழம்பும். எங்கட லீவு ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர். ஓஎல் ஏஎல் சோதினைத் திகதி வருசா வருசம் மாறுது, அதை முதல்ல பாருங்கோ. சிங்கப்பூரில பெரிய லீவு ஜூன் மாசமும், நவம்பர் நடுப்பகுதியில இருந்து டிசம்பர் முடியிற வரைக்கும். அதாவது டிசம்பரில போனா அங்க பள்ளிக்கூட ரீம் கிடைக்காது, அதோட வடகீழ்ப் பருவமழை வேற, மச் நடக்குமோ நடக்காதோ எண்டு வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்கவேணும். ஓகஸ்ட்தான் பொருந்தும்: எங்களுக்கு லீவு, அவைக்குப் பள்ளிக்கூடம் நடக்கும், பின்னேரம் விளையாட வருவினம். ஓகஸ்ட் 9 அவையின்ர தேசிய தினம், அந்த நாளில மச் கேக்காதேங்கோ, ஆனா ஊர் வடிவா இருக்கும்.

ஓகஸ்ட் எண்ட உடன நல்லூர் வந்து நிக்கும். 25 நாள் திருவிழா, தேர் அண்டைக்கு பிள்ளை சிங்கப்பூரில நிக்கிறான் எண்டா அப்பம்மா சும்மா விடமாட்டா. அரைவாசி வீட்டில அந்த நாளெல்லாம் மச்சம் மாமிசம் இல்லை. அதால கொடியேற்றம், தேர், தீர்த்தம் எந்தத் திகதி எண்டு கலண்டரில பாத்து, தீர்த்தம் முடிஞ்ச பிறகு லீவு மிச்சம் இருந்தா அதுக்குள்ள வையுங்கோ, இல்லாட்டி கொடியேறி முதல் கிழமைக்குள்ள போட்டு வாங்கோ. இதை அம்மா அப்பா மீற்றிங்கில நீங்களே முந்திச் சொல்லிவிட்டா பாதிச் சண்டை அதிலயே முடிஞ்சுது.

படி 3: அனுமதிக் கடிதங்கள்

பள்ளிக்கூடப் பேரில போறியள் எண்டா அதிபர் சரி எண்டு சொன்னது காணாது. மாகாணப் பாடசாலை எண்டா வலயக் கல்விப் பணிமனைக்கால வடமாகாண கல்விப் பக்கம் போகும், தேசியப் பாடசாலை எண்டா கொழும்பில கல்வி அமைச்சு வரைக்கும் போகும். அழைப்புக் கடிதம், பிள்ளையளின்ர பேர்ப்பட்டியல், கூடப்போற ஆசிரியர் ஆர் ஆர், செலவு எங்க இருந்து, எத்தினை நாள், அம்மா அப்பாவின்ர சம்மதம், எல்லாத்தையும் ஒரே ஃபைலாக் கட்டி குடுங்கோ. ஒவ்வொண்டா ஒவ்வொரு கிழமை கொண்டுபோய்க் குடுத்தா அது ஒவ்வொரு மேசையில ஒவ்வொரு கிழமை கிடக்கும்.

இதில ஆக்கள் மறக்கிற ஒண்டு, மாஸ்டரின்ர லீவு. அரசாங்க ஆசிரியர் நாட்டை விட்டு வெளிய போறதுக்கு தனியா வெளிநாட்டு லீவு அனுமதி எடுக்கவேணும். பிள்ளையளின்ர பேப்பர் எல்லாம் வந்து, கோச் மாஸ்டரின்ரது மட்டும் வராமல் நிக்கிற நிலைமை வரக்கூடாது. அவற்ற விண்ணப்பத்தையும் அதே நாளில அனுப்புங்கோ, அதோட பதிலுக்கு இன்னொரு ஆசிரியரின்ர விண்ணப்பத்தையும் சேத்து.

இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்துக்கும் பாடசாலைகள் உதைபந்தாட்டச் சங்கத்துக்கும் கடிதம் போட்டு எழுத்தில பதில் வாங்குங்கோ. சின்னப் பெடியளின்ர ஃப்ரெண்ட்லி மச்சுக்கு இது எதுக்கு எண்டு நினைப்பியள். 2023 ஜனவரி 21 அண்டு ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தினது, ஓகஸ்ட் கடைசியிலதான் அது எடுபட்டது, அந்த ஏழு மாசமும் எங்கட ரீமுகளுக்கு வெளிநாட்டு ரீமோட விளையாடுறதே பிரச்சினை. எதிர்ப் பக்கத்து ரீமும் தங்கட சங்கத்திட்டக் கேக்கும், அப்ப காட்டுறதுக்கு உங்களிட்ட ஒரு கடதாசி இருக்கவேணும்.

படி 4: பாஸ்போர்ட், அதில இருக்கிற பேர்

இதில கொஞ்சம் மெதுவாப் போவம், ஏனெண்டா முழுப் பயணத்திலயும் கனக்க நேரம் தின்னுறது இதுதான்.

முந்தி பாஸ்போர்ட்டுக்கு வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ விடியக்காலம் வெளிக்கிடவேணும். 2025 செப்டம்பரில யாழ் மாவட்டச் செயலகத்திலயே பிராந்திய அலுவலகம் திறந்தாப் பிறகு அந்த அலைச்சல் இல்லை. 16 வயசுக்குக் கீழ எண்டா பாஸ்போர்ட் 3 வருசத்துக்குத்தான் செல்லுபடியாகும், பெரிய ஆக்களுக்கு 10 வருசம். ஆறாம் ஆண்டில ஆரோ பெரியம்மாவைப் பாக்க இந்தியா போகேக்க எடுத்த பாஸ்போர்ட் இருக்கு எண்டு பெடியன் சொல்லுவான், திறந்து பாத்தா முடிஞ்சிருக்கும். சிங்கப்பூருக்கு ஆறு மாசமாவது மிச்சம் இருக்கவேணும்.

16க்குக் கீழப்பட்ட பிள்ளைக்கு அம்மா அப்பா இரண்டு பேரின்ர சம்மதமும் வேணும். எங்கட இடத்தில இது லேசான விசயம் இல்லை. ஒரு பிள்ளையின்ர அப்பா கட்டாரில, இன்னொரு பிள்ளையின்ர அப்பா பிரான்ஸில, இன்னொரு பிள்ளைக்கு அப்பா இல்லை, மரணச் சான்றிதழும் இப்பதான் தேடவேணும். வெளிநாட்டில இருக்கிற அப்பா அந்த நாட்டு இலங்கைத் தூதரகத்துக்கால உறுதிப்படுத்தின கடிதம் அனுப்புறதுக்கு அவருக்கு ஒரு நாள் வேலை லீவு வேணும், அதுக்கும் நேரம் குடுக்கவேணும். இதுகளை எல்லாருக்கும் முன்னால கேக்காதேங்கோ. மாஸ்டரோ ரீச்சரோ தனிய அந்தப் பிள்ளையின்ர வீட்டுக்குப் போய்க் கதைக்கிறதுதான் மரியாதை.

அடுத்தது பேர். ஒரு பின்னேரம் ஸ்டாஃப் றூமில மேசையைப் போட்டு ஒவ்வொரு பெடியனையும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போர்ட் மூண்டையும் கொண்டுவரச் சொல்லுங்கோ. மூண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு விரலால எழுத்து எழுத்தாப் பாக்கவேணும். பிறப்புச் சான்றிதழ் தமிழில இருக்கும், அதில தர்சன். அடையாள அட்டையில இங்கிலீஷில தானாவுக்கு ரீ (T) போட்டிருக்கும், பாஸ்போர்ட்டில டீயும் எச்சும் (DH) போட்டிருக்கும், பள்ளிக்கூட இடாப்பில தர்ஷன். அப்பான்ர பேர் ஒண்டில முன்னுக்கு, ஒண்டில பின்னுக்கு. எந்தப் பேரில ரிக்கெட் போடவேணும் எண்டா பாஸ்போர்ட்டில எப்பிடி இருக்கோ அப்பிடியே, ஒரு எழுத்தும் மாறாமல். வட்ஸ்அப்பில பெடியன் ரைப் பண்ணி அனுப்பின பேரை வைச்சு ரிக்கெட் போடவே கூடாது, பாஸ்போர்ட்டின்ர படத்தைப் பாத்துத்தான் போடவேணும். பேர்ப்பட்டியல், அழைப்புக் கடிதம், இன்சூரன்ஸ், தங்குற இடம் எல்லாத்திலயும் அந்த ஒரே பேர்.

எல்லாப் பாஸ்போர்ட்டின்ரயும் கொப்பி மூண்டு செட்: ஒண்டு மனேஜரிட்ட, ஒண்டு வேற ஒரு மாஸ்டரின்ர பையில, ஒண்டு பள்ளிக்கூட ஒஃபீஸில. அம்மா அப்பா கையெழுத்துப் போட்டு சமாதான நீதவானோ சட்டத்தரணியோ உறுதிப்படுத்தின சம்மதக் கடிதத்தை இங்கிலீஷிலயும் எடுத்து வையுங்கோ, கட்டுநாயக்காவில பெற்றார் இல்லாமல் பிள்ளையள் போகேக்க கேட்டா உடன எடுத்துக் குடுக்கலாம்.

படி 5: காசு, அதுக்கு முந்தி ஒரு முடிவு

காசு சேக்கிறதுக்கு முதல் ஒரு கேள்விக்குப் பதில் வேணும். காசு கட்டக்கூடிய பெடியன் போறானோ, விளையாடக்கூடிய பெடியன் போறானோ? இதுக்கு முதல் நாளே பதில் சொல்லாட்டி, கடைசியில கோல்கீப்பர் குருநகரில வலை இழுத்துக்கொண்டு நிப்பான், பெஞ்சில இருந்த பெடியன் சிங்கப்பூரின்ர சாங்கி எயார்போர்ட்டில இறங்குவான். என்ர கருத்து இதில கொஞ்சமும் மாறாது: ரீம் எடுத்து முடிஞ்ச பிறகுதான் காசுக் கதை. 18 பேர் எண்டு ரீம் போட்டாப் பிறகு மொத்தச் செலவையும் ஒரே பானையில போடுங்கோ. ஏலுமானவை ஒரு தொகை கட்டட்டும், மிச்சம் பொதுவில. ஆர் எவ்வளவு கட்டினது எண்டது பொருளாளருக்கும் அதிபருக்கும் மட்டும் தெரியட்டும், பெடியளுக்குத் தெரியவே கூடாது.

பழைய மாணவர் சங்கம்தான் பெரிய கை. லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ன், சில பள்ளிக்கூடத்துக்கு லண்டனிலயே இரண்டு சங்கம், ஒண்டுக்குக் கடிதம் போட்டா மற்றது கோவிக்கும், இரண்டுக்கும் ஒரே நாளில ஒரே கடிதம் போடுங்கோ. "உதவி செய்யுங்கோ" எண்டு கேக்கிறதை விட "ஒரு பெடியனின்ர முழுச் செலவு இவ்வளவு" எண்டு கணக்குக் காட்டிக் கேட்டா காசு கெதியா வரும். காசு தனிப்பட்ட ஆக்களின்ர எக்கவுண்டுக்கு வரவிடாதேங்கோ, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கால எடுத்து ரசீது குடுங்கோ.

செலவு போடேக்க சிங்கப்பூர் டொலரில போடுங்கோ, ரூபாய் ஆடிக்கொண்டு இருக்கும். டொலர் ஒண்டு 200 ரூபாயைத் தாண்டி நிக்குது, அதால அங்க ஒரு கோலா வாங்கினாலே பெடியள் மனசுக்குள்ள பெருக்கிப் பாப்பினம். ஹோக்கர் சென்ரர் எண்டு சொல்லுற பொதுச் சாப்பாட்டுக் கூடங்களில ஒரு நேரச் சாப்பாடு 5, 6 டொலருக்குள்ள முடிக்கலாம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு சாப்பாடு தண்ணிக்கு 25 டொலர் ஒதுக்கினா தாராளம். மொத்தத்துக்கு மேல பத்து வீதம் கையில வைச்சிருங்கோ, அதைத் தொடுறது மனேஜர் மட்டும்.

படி 6: ரிக்கெட்டும் நுழைவும்

இப்ப ரிக்கெட்டுக்கு வாங்கோ. பத்துப் பேருக்கு மேல எண்டா ஏயார்லைன்ஸிட்ட குறூப் ரேற் கேக்கலாம், முற்பணம் கட்டி சீற்றைப் பிடிச்சுவைச்சு பேரைக் கொஞ்சம் பிந்திக் குடுக்கலாம், ஒருத்தன் காலை உடைச்சா ஆளை மாத்துற வசதி இருக்கோ எண்டதையும் அப்பவே கேளுங்கோ. கொழும்பில இருந்து நேர் ஃப்ளைட் நாலு மணித்தியாலம் அளவில. இரவு வெளிக்கிட்டு விடிய இறங்குறது மலிவா வரும், ஆனா யாழ்ப்பாணத்தில இருந்து கட்டுநாயக்காவுக்கே ஏழு எட்டு மணித்தியால றோட்டு இருக்கு எண்டதை மறக்காதேங்கோ. தனி பஸ் பிடிச்சு காலமை வெளிக்கிட்டு, புத்தளம் நீர்கொழும்புப் பக்கத்தால போனா கொழும்புக்குள்ள போகாமலே எயார்போர்ட்டுக்குப் போகலாம். பெடியள் பஸ்ஸில நித்திரை கொள்ள மாட்டாங்கள், பாட்டுத்தான் போடுவாங்கள், அதைத் தெரிஞ்சு நேரம் வையுங்கோ.

சிங்கப்பூர் அரைவல் காட் எண்டு ஒண்டு இருக்கு, இறங்குறதுக்கு மூண்டு நாளுக்குள்ள ஒன்லைனில நிரப்பவேணும். அது முழுக்க இலவசம். காசு கேக்கிற சைற் எண்டா அது அரசாங்கத்தின்ரது இல்லை, மூடிப்போட்டு வெளிய வாங்கோ. எல்லாருக்கும் மனேஜரே ஒரு லப்டொப்பில இருந்து நிரப்பினா பிழை குறையும்.

லக்கேஜில சின்னச் சின்ன விசயங்கள். பந்துகளின்ர காத்தைக் கழட்டிப்போட்டு வையுங்கோ, பம்பும் ஊசியும் செக்கின் பைக்குள்ள. பூட்ஸும் செக்கின்தான். பவர் பேங்க் கைப்பைக்குள்ள மட்டும். அடி பட்டா அடிக்கிற ஸ்ப்ரேயை இங்கயிருந்து காவாதேங்கோ, அங்க வாங்கலாம். அம்மாமார் தாற ஆட்டிறைச்சிப் பிரட்டல், கோழி, இறைச்சி எந்த வகையும் வேண்டாம், சிங்கப்பூரில உள்ளுக்கு விடமாட்டினம். கருவாட்டைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்ல, பக்கத்தில இருக்கிற ஜேர்சிக்கு என்ன நடக்கும் எண்டு நீங்களே யோசியுங்கோ. பருத்தித்துறை வடை, பனங்கட்டி தாராளமாக் கொண்டுபோங்கோ, அது எதிர் ரீமுக்குக் குடுக்க.

படி 7: அந்தக் கிரவுண்டுக்குப் பழகிறது

எங்கட பெடியள் வளந்தது கட்டாந்தரையில, மணல் கலந்த கிரவுண்டில. சிங்கப்பூரில கனக்க மச் செயற்கைப் புல்லில. ஜலான் பெசார் ஸ்டேடியம் 1929ல திறந்த பழைய இடம், இப்ப அதிலயும் செயற்கைப் புல்தான். அதில பந்து வேகமா உருளும், எழும்பிற விதம் வேற, எங்கட பெடியள் நீளமா அடிக்கிற பாஸ் எல்லாம் நேர லைனுக்கு வெளிய போய் நிக்கும். இங்க இருக்கேக்கயே ஒரு மாசம் கிழமைக்கு இரண்டு தரமாவது ஃபுட்சல் கோர்ட்டில பழக்குங்கோ, காலுக்குக் காலா சின்னப் பாஸ், முதல் தொடுகையிலயே பந்தை நிப்பாட்டுறது. அளவு சின்னன் எண்டாலும் கால் அந்தத் தரைக்குப் பழகும்.

பூட்ஸ் முக்கியம். இரும்பு ஸ்டட் செயற்கைப் புல்லில போட விடமாட்டினம். நீள ஸ்டட் வைச்ச பூட்ஸ் அந்தத் தரையில பிடிச்சுக்கொள்ளும், முழங்கால் திரும்பினா அடி. கட்டை கட்டையாக் கனக்கக் குமிழ் இருக்கிற பூட்ஸ் எடுங்கோ, புதுசு எண்டா இங்கயே போட்டு விளையாடிக் காலுக்குப் பழக்கிப்போட்டுக் கொண்டுபோங்கோ. ஸ்லைடிங் போட்டா தொடையில தோல் உரியும், எரிவு குளிக்கேக்கதான் தெரியும். மருந்துப் பெட்டியில களிம்பும் ஒட்டாத பண்டேஜும் கூடப் போடுங்கோ.

வெயில் எங்களுக்குப் புதுசில்லை எண்டு நினைச்சுக்கொண்டு போவம். ஆனா அங்க ஈரப்பதன் வேற மாதிரி, வேர்வை காயாது, அப்பிடியே ஒழுகும், இரண்டாம் பாதியில கால் பிடிக்கும். போன நாளில இருந்தே தண்ணி, ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புத்தூள்), உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணி. செயற்கைப் புல் மத்தியானத்தில சூடாகிக் கிடக்கும், மச்சை பின்னேரம் ஐஞ்சு மணிக்குப் பிறகு கேளுங்கோ. அங்க சூரியன் ஏழு மணி அளவிலதான் மறையும், வெளிச்சம் பிரச்சினை இல்லை.

இன்னொண்டு, மின்னல். அங்க வருசத்தில 160 நாளுக்கு மேல இடி முழங்கும். வெயில் அடிச்சுக்கொண்டு இருக்கேக்கயே எச்சரிக்கை வரும், உடன விளையாட்டை நிப்பாட்டி எல்லாரும் கூரைக்குக் கீழ போகவேணும். "மழையே இல்லையே சேர்" எண்டு பெடியள் நிக்கவிடாதேங்கோ. மச் 40 நிமிசத்தில நிண்டா என்ன செய்யிறது, வேற நாள் இருக்கோ எண்டு எதிர் கோச்சோட முதலே கதைச்சு வையுங்கோ.

படி 8: தங்குறது, சாப்பிடுறது

லிட்டில் இந்தியா, லவெண்டர் பக்கம் ஹொஸ்டல்கள் இருக்கு, பெரிய டோம் றூம்கள். ஒரு மாடி முழுக்க உங்களுக்கே எடுக்க ஏலுமெண்டா எடுங்கோ, வேற ஆக்களோட ஒரே றூமில பிள்ளையளைப் போடாதேங்கோ. ரயில் ஸ்டேஷனுக்குக் கிட்ட, உடுப்புத் தோய்க்கிற மெஷின் இருக்கிற இடமாப் பாருங்கோ, வேர்த்த ஜேர்சி இருபதை வாளியில தோய்ச்சுக் காயப்போட இடம் கிடையாது. செக்கின் பின்னேரம்தான், விடியக்காலம் இறங்கினா பையை வைச்சுப்போட்டு நடக்கலாமோ எண்டு கேட்டு வையுங்கோ.

சாப்பாட்டுக்கு தேக்கா சென்ரர். சோறு, தோசை, பிரியாணி, ஹலால், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ, விலையும் பரவாயில்லை. சைவக்காரருக்கு சிராங்கூன் றோட்டில 1947ல இருந்து நடக்கிற கோமள விலாஸ் இருக்கு. மீற்றிங்கில ஒரு அம்மா கட்டாயம் "புட்டு கிடைக்குமோ சேர்" எண்டு கேப்பா. கிடைக்கும், ஆனா எங்கட சொதியோட இல்லை. மச் நாளில மூண்டு மணித்தியாலத்துக்கு முந்திச் சாப்பாட்டை முடியுங்கோ, இட்லியோ சோறும் பருப்பும் முட்டையுமோ, பிரியாணி மச் முடிஞ்சாப் பிறகு.

படி 9: பாக்கிற இடங்கள், மச்சுக்கு இடையில

காசு குடுத்துப் பாக்கிறதை விட சும்மா பாக்கிறதே அங்க கனக்க. சாங்கியிலயே ஜூவல் எண்ட கட்டடத்துக்குள்ள 40 மீற்றர் உயர நீர்வீழ்ச்சி இருக்கு, திரும்பிற நாளில எயார்போர்ட்டுக்குக் கொஞ்சம் முந்திப் போனா வடிவாப் பாக்கலாம். கார்டன்ஸ் பை த பேயில பெரிய இரும்பு மரங்களுக்குக் கீழ இரவு 7.45க்கும் 8.45க்கும் லைற் ஷோ, அதுவும் இலவசம், நிலத்தில படுத்துக்கொண்டு பாக்கவேணும். செந்தோசாத் தீவுக்கு விவோ சிற்றி எண்ட ஷொப்பிங் சென்ரரில இருந்து பலகைப் பாதையால நடந்தே போகலாம். யூனிவர்சல் ஸ்டூடியோ என்னைக் கேட்டா வேண்டாம், ஒரு ஆளின்ர ரிக்கெட் காசில மூண்டு நாள் சாப்பிடலாம், முழு நாளும் வரிசையில நிண்டு காலும் போயிடும்.

ஃபுட்போல் ரீமுக்கு கலாங் பக்கம் ஒரு நேரம் ஒதுக்குங்கோ. 2014ல திறந்த தேசிய ஸ்டேடியம், கூரை மூடித் திறக்கும், 55,000 பேர் இருக்கலாம். அதுக்குப் பக்கத்தில இருக்கிற ஓசிபிசி அரீனாவிலதான் 2018 செப்டம்பரில ஆசிய நெட்போல் இறுதியில இலங்கை சிங்கப்பூரை 69க்கு 50 எண்டு வெண்டது, எங்கட தர்ஜினி சிவலிங்கம் அந்த ரீமில. அந்த வாசலில நிண்டு இதைச் சொல்லுங்கோ, பெண்பிள்ளையளின்ர ரீமைக் கூட்டிக்கொண்டு போனா கட்டாயம். அந்தக் கிழமை சிங்கப்பூர் பிரீமியர் லீக் மச் ஏதும் இருந்தா ஒண்டு பாருங்கோ, ரிக்கெட் பெரிய விலை இல்லை. அந்த ஊரிலயும் தமிழ்ப் பேரில பெரிய விளையாட்டுக்காரர் இருந்தவை, வி. சுந்தரமூர்த்தி விளையாடி, பிறகு தேசிய ரீமுக்கே கோச்சா இருந்தவர்.

ஒரு காலமை சிலோன் றோட்டுக்குப் போங்கோ, றோட்டின்ர பேரே அப்பிடித்தான். அதில செண்பக விநாயகர் கோயில், எங்கட ஆக்கள் கட்டினது. சிங்கப்பூரின்ர முதல் வெளிநாட்டு அமைச்சர் எஸ். இராஜரத்தினம் 1915ல வட்டுக்கோட்டையில பிறந்தவர், அந்த நாட்டுப் பிள்ளையள் தினமும் சொல்லுற உறுதிமொழியை எழுதினதும் அவர்தான். வட்டுக்கோட்டைப் பெடியன் ஒருத்தன் ரீமில இருந்தா அண்டைக்கு அவன்ர கதை தாங்க ஏலாது.

கடையளுக்கு ஒரே ஒரு பின்னேரம், கடைசி மச் முடிஞ்சாப் பிறகு. பூட்ஸ், ஜேர்சிக்கு குவீன்ஸ்வே ஷொப்பிங் சென்ரர், விலை பேசலாம். வீட்டுக்குச் சாமானுக்கு முஸ்தபா. முதல் நாளே விட்டா காசு முடிஞ்சு மிச்ச நாள் முழுக்க ஒருத்தனை ஒருத்தன் கடன் கேப்பினம்.

படி 10: கட்டுப்பாடு

இதைச் சுருக்கமாச் சொல்லுறன், ஆனா மீற்றிங்கில நீட்டிச் சொல்லுங்கோ. வேப் அங்க சட்டவிரோதம், கையில வைச்சிருந்தாலே பிடிப்பினம், பகிடி இல்லை. சிகரெட் 21 வயசுக்குக் கீழ கூடாது. சூயிங்கம் கொண்டுபோகவேண்டாம். ரயிலுக்குள்ள தண்ணி குடிச்சாலும் தண்டக்காசு 500 டொலர் வரைக்கும். இதை மீறினா அடுத்த ஃப்ளைட்டில வீட்டுக்கு எண்டு அம்மா அப்பாவிட்டயும் முன்கூட்டியே கையெழுத்து வாங்குங்கோ.

ஐஞ்சு பிள்ளைக்கு ஒரு பெரிய ஆள், பெண்பிள்ளையள் எண்டா ரீச்சர்மார் கட்டாயம். பெடியளை இரண்டு இரண்டு பேராச் சோடி சேருங்கோ, ரயிலில கதவு மூடி ஒருத்தன் விடுபட்டா அவன் அங்கயே நிக்கவேணும், மற்றவை அடுத்த ஸ்டேஷனில இறங்கித் திரும்பி வருவினம், இதை ஒருக்கா நடிச்சே காட்டுங்கோ. எல்லாற்ற பொக்கற்றிலயும் ஹொஸ்டல் அட்ரஸும் மனேஜர் நம்பரும் எழுதின துண்டு. அம்புலன்ஸ் 995, பொலிஸ் 999. மெடிக்கல் இன்சூரன்ஸ் இல்லாமல் ஒருத்தரும் ஏறக்கூடாது, எடுக்கேக்க விளையாட்டில வாற காயத்துக்கும் குடுப்பினமோ எண்டு கேளுங்கோ, சில பொலிசியில அது இல்லை. இழுப்பு இருக்கிற பிள்ளையின்ர பம்ப் (இன்ஹேலர்) அவன்ர பைக்குள்ள ஒண்டு, மாஸ்டரிட்ட ஒண்டு.

வீட்டுக்காரருக்கு ஒரு வட்ஸ்அப் குறூப், மனேஜர் மட்டும் போடுற மாதிரி செற் பண்ணுங்கோ. ஒவ்வொரு இரவும் ஒரு வொய்ஸ் மெசேஜ், எல்லாரும் சாப்பிட்டாச்சு, இண்டைக்கு மச் இப்பிடி, நாளைக்கு இங்க போறம். அங்க நேரம் எங்களை விட இரண்டரை மணித்தியாலம் முந்தி, இதையும் சொல்லிவிடுங்கோ, இல்லாட்டி பெடியள் படுத்தாப் பிறகுதான் வீட்டில இருந்து கோல் வரும்.

படி 11: வந்தாப் பிறகு

இரண்டு கிழமைக்குள்ள கணக்கை முடியுங்கோ. பில், ரசீது, மிச்சக் காசு, எல்லாத்தையும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில வைச்சு, அதே தாளை காசு தந்த சங்கங்களுக்கும் அனுப்புங்கோ, அனுமதி தந்த இடத்துக்கு ஒரு அறிக்கை. அடுத்த வருசம் போற ரீமுக்குக் காசு கிடைக்கிறதும் கிடைக்காததும் இந்தத் தாளிலதான் இருக்கு.

விளையாடின ரீமுகளுக்கு நன்றி மெயில் போடேக்க, மச் படங்களோட, யாழ்ப்பாணத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிடுங்கோ. சென்னையால மாறிப் பலாலியில வந்து இறங்கலாம் எண்டு வழியும் சேத்துச் சொல்லுங்கோ. ஆனா மார்ச் மாசம் மட்டும் சொல்லாதேங்கோ, பள்ளிக்கூடங்களின்ர பிக் மச் கிரிக்கெட் சீசனில ஊரில ஒரு கிரவுண்டும் கிடையாது, கிடைச்சாலும் பாக்க ஒருத்தரும் வரமாட்டினம்.